ஏற்பாளர் சிந்தாமணி

காலை வெயில் உறைக்கத் தொடங்குமுன், அடிலாபாத்துக்குத் தெற்கே ஒரு வேப்பமரத்தடியில் லாரியை ஓரங்கட்டிவிட்டு, குழந்தைவேல் தன் களைப்பை நாமக்கல்லில் இருந்த மனைவிக்கு அனுப்பிவைத்தான்.

அனுப்புவது எளிய காரியம். கழுத்தைச் சுற்றியிருந்த சாம்பல் நிறப் பட்டையின் பச்சைப் பொத்தானை அழுத்தி, கண்ணை மூடி, மூச்சைச் சீராக விட்டால் போதும். முதலில் பிடரியில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கும். பிறகு இமைக்குள் உறுத்திய மணல் கரையும். கடைசியில், பெடலை மிதித்து மிதித்து இறுகிப்போன வலது முழங்கால் தளரும். கண்ணைத் திறக்கும்போது, நிம்மதியாகத் தூங்கி எழுந்தவனுக்குத் தெரிவதைப் போல உலகம் துலக்கமாகத் தெரியும். அதே நேரத்தில் நாமக்கல்லில், மோகனூர் சாலையின் மாடி வீடு ஒன்றில், அதேபோன்ற பட்டை கட்டியிருக்கும் சிந்தாமணியின் பிடரியில் அந்தப் பாரம் ஏறியிருக்கும். அவள் அவனுக்காகப் படுத்துத் தூங்கினால் அது கரைந்துவிடும்.

கண்ணைத் திறந்தபோது கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைப்பு வந்தது. ஆக்னஸ் மேடத்தின் குரல்தான். அவரை அவன் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. இஸ்திரி போட்ட துணியைப் போன்ற குரல். ஒரு சுருக்கம்கூட இராது.

“அனுப்பியவர் குழந்தைவேல். ஏற்பாளர் சிந்தாமணி. உறவு?”

“சம்சாரமுங்க மேடம்.”

“ஏற்பாளர் ஏதேனும் பணியில் இருக்கிறாரா?”

“இல்லீங்க. வீட்டுல சும்மாதான் இருக்கறா.”

“ஏற்பாளரின் உடல்நலம் குன்றினால் சிவப்புப் பொத்தானை அழுத்தி, அனுப்பியதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். புரிந்ததா?”

“புரிஞ்சுதுங்க.”

ஒவ்வொரு முறையும் இதே கேள்விகள், இதே விடைகள். கடைசி வாக்கியத்தைக் காதில் வாங்குவதை அவன் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தான்.

பக்கத்தில் நின்ற லாரியிலிருந்து லோகு இறங்கி வந்தான். சங்ககிரிக்காரன், கல்யாணம் ஆகாதவன். களைப்பை வாங்கிக்கொள்ள ஆளில்லாததால் தன் தூக்கத்தைத் தானே தூங்க வேண்டியவன். அவசரமில்லாத சரக்குத்தான் அவனுக்குக் கிடைக்கும். அன்றும் அவன் வண்டியில் கோழித் தீவனம்; குழந்தைவேலின் வண்டியிலோ போபாலுக்குப் போகும் முட்டை.

“ஏனுங்ணா, அனுப்பியாச்சுங்களா?”

“ஆச்சுடா. உன்ற தூக்கம் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுங்க. உங்களாட்டம் நமக்கு எங்கீங்க குடுப்பினை. ரெண்டு கட்டியிருந்தா நாமளும் டெல்லி வரைக்கும் நிக்காம போவோம்.”

“ஒண்ணுக்கே வழியக் காணோம். உனக்கு ரெண்டு கேக்குது.”

லோகு சிரித்தான். பிறகு மரத்தில் சாய்ந்துகொண்டு கொட்டாவி விட்டான். “அந்தப் பழைய விதியே நல்லாத்தானுங்க இருந்துச்சு. பட்டை சிவப்பு காட்டுனா வண்டி கிளம்பாது. டிரைவர் தூங்கி எந்திரிச்சாத்தான் கிளம்பும். எல்லாரும் தூங்குனோம்.”

“எல்லாரும் தூங்குனா சரக்கு எப்படிடா போய்ச் சேரும்? கம்பெனிக்காரங்க டெல்லில போய் அழுதாங்க. விதியத் திருத்திப்போட்டாங்க. ரத்த சொந்தமோ கட்டுனவளோ, சம்பள வேலையில இல்லாத ஆளா இருந்தா டிரைவரோட களைப்பை வாங்கிக்கலாம்னு.”

“ரோட்டுல விபத்து பாதியாக் கொறஞ்சு போச்சுன்னு டிவில சொல்றாங்க.”

“கொறஞ்சுதான் இருக்குது. நானே பாக்கறனே. தூங்கி வழியற வண்டி ஒண்ணுகூட எதிர்ல வர்றதில்ல.”

“ஊட்டுக்குள்ள விழுகறதை எவன்ணா கணக்கெடுத்தான்?”

லோகு இதை விளையாட்டாகத்தான் சொன்னான். குழந்தைவேலும் விளையாட்டாகவே எடுத்துக்கொண்டு, சமைக்கப் போனான்.

லாரியின் பக்கவாட்டில், டீசல் டேங்க் இருந்த காலத்தில் அதற்கு அடுத்தாற்போல் இருந்த இடத்தில், சமையல் பெட்டி இருந்தது. வண்டிகள் மின்சாரத்துக்கு மாறின, சட்டங்கள் மாறின, நாமக்கல் லாரிக்காரன் சாலையோரத்தில் தன் சோற்றைத் தானே பொங்கித் தின்னும் வழக்கம் மட்டும் மாறவில்லை. அந்தப் பெட்டியை அடுக்குவது சிந்தாமணியின் பொறுப்பு. எந்த டப்பாவிலும் பெயர் எழுதியிராது. வலப்பக்கம் உப்பு, அதை ஒட்டி மிளகாய்த்தூள், பின்வரிசையில் புளி, பருப்பு, பெருங்காயம். இருட்டில் கை வைத்தாலும் தவறாது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வரிசை பிசகியதில்லை.

சோற்றை வடித்து இறக்கிவிட்டு ரசத்தைக் கூட்டினான். வலப்பக்க டப்பாவிலிருந்து இரண்டு விரலால் அள்ளிப் போட்டான். ரசம் கொதித்தது. கொதித்து நுரைத்தது. நுரை வெண்மையாகத் திரண்டு, பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டிப் பொங்கி, அடுப்பின் மேல் வழிந்தது. எலுமிச்சை மணம் வந்தது. அது சோப்புத் தூளின் மணம்.

லோகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “ஏனுங்ணா, அண்ணி உங்களை உள்ளார இருந்து வெளுக்கறாங்களா?”

குழந்தைவேலும் சிரித்தான். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. மற்றவர் வீட்டில் இது வேடிக்கை. சிந்தாமணி உப்பு டப்பாவில் சோப்புத் தூளைப் போட்டாள் என்றால், அவளுடைய கை எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை என்று பொருள்.

தொலைபேசியில் அழைத்தான். நெடுநேரம் மணியடித்தபின் எடுத்தாள்.

“ஏனுங்க… சாப்புட்டீங்களா?”

“சிந்தா, உப்பு டப்பால என்ன போட்டு அனுப்புன?”

“உப்புதானுங்க.”

“நுரை வருது புள்ள. ரசம் துணி தொவைக்குது.”

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. சற்றுப் பொறுத்து, “அப்படீங்களா,” என்றாள். சொற்கள் ஒவ்வொன்றையும் கிணற்றிலிருந்து இறைத்தெடுப்பவளைப் போல இழுத்து இழுத்துப் பேசினாள்.

“நீ படுக்கலியா? இப்பத்தான அனுப்புனேன்?”

“படுத்தனுங்களே. பட்டை கேட்டுது, படுத்தாச்சான்னு. ஆமான்னேன். அப்பறம் எந்திரிச்சிட்டேன்.”

“எதுக்கு எந்திரிச்ச?”

“அய்யனுக்கு மருந்து குடுக்கோணும். திருப்பிப் படுக்க வெக்கோணும், இல்லாட்டி முதுகு புண்ணாப் போவும். மேல தண்ணி ஏறலீங்க, கீழிருந்து எடுத்தாரோணும். பாலு வெச்சிருக்கறேன்…”

அய்யன் என்று அவள் சொன்னது அவனுடைய தகப்பனாரை. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலற்றுப் படுக்கையில் இருப்பவர்.

“எப்பவுமே இப்படித்தான் பண்றயா? ஒருநாளும் தூங்குனதில்லையா?”

“தூங்காம என்னங்க… வர்றப்ப…”

வாக்கியம் முடியவில்லை.

“சிந்தா?”

விடையில்லை. அதற்குப் பதிலாக வேறு ஒலிகள் கேட்டன. பால் பொங்கி அடுப்பின் மேல் விழுந்து சுரீரென்றது. அதற்குப் பிறகு ஒரு மெல்லிய சீறல். நெருப்பு அணைந்த பின்னும் நிற்காமல் வரும் வாயுவின் சீறல். அதற்கும் அடியில், நீண்ட, சீரான மூச்சு. அந்த மூச்சை அவனுக்குத் தெரியும். அவள் நின்றபடியே, சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

“சிந்தா, அடுப்பை அணை. சிந்தா.”

உள்ளறையிலிருந்து தகப்பனாரின் குழறல் கேட்டது. “ம்மா… ம்மா…” என்று அவர் மருமகளை அழைத்துக்கொண்டிருந்தார். எழுந்து வர அவரால் இயலாது.

“கீழ் வீட்டுக்குப் போன் போடுங்ணா,” என்றான் லோகு. அவன் முகத்தில் இப்போது சிரிப்பில்லை.

“பூட்டிக்கிட்டு மில்லுக்குப் போயிருப்பாங்க. மக பள்ளிக்கூடம் போயிருச்சு. போலீசு வந்து சேர்றதுக்குள்ள…”

நடுவில் எத்தனை ஆறுகள், எத்தனை மாவட்டங்கள். கையை நீட்டி அந்த அடுப்பின் திருகை மூட முடியாது. அப்போதுதான், நாள்தோறும் கேட்டும் கேளாமல் விட்ட அந்த வாக்கியம் இஸ்திரி மடிப்புக் கலையாமல் நினைவுக்கு வந்தது. பட்டையின் பின்புறம் விரலால் துழாவினான். சிவப்புப் பொத்தானின் மேல் ஒட்டியிருந்த பாதுகாப்புத் தாள்கூடக் கிழிக்கப்படாமல் இருந்தது. நகத்தால் கிழித்து, அழுத்திப் பிடித்தான்.

முதலில் வந்தது அவனுடையதுதான். இமைக்குள் மணல், பிடரியில் பாரம், வலது முழங்காலில் இறுக்கம். பழகிய ஆள் திரும்பி வருவதைப் போல வந்து, தத்தம் இடத்தில் அமர்ந்தன. அதோடு முடிந்தது என்று நினைத்தான்.

முடியவில்லை. அடுத்து, மணிக்கட்டுகளில் ஒரு வலி வந்தது. நனைந்த போர்வையை முறுக்கிப் பிழிந்தால் வரும் வலி. பிறகு இடுப்புக்கு மேல் ஒன்று: தன்னைவிடக் கனமான உடம்பைப் புரட்டிப் புரட்டி வந்தது. உள்ளங்கால்களில், படியேறிப் படியிறங்கி வந்தது. தோளின் பின்புறத்தில் மிகப் பழையதாக ஒன்று இருந்தது; மகள் கைக்குழந்தையாக இருந்த காலத்தது போலும். எல்லாவற்றுக்கும் அடியில், உடம்பில் எந்த இடத்தையும் சாராத ஒன்று. ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குகிறவளின் களைப்பு அது: கிழவர் இருமுகிறாரா, தண்ணீர் வருகிறதா, நெடுஞ்சாலையிலிருந்து கெட்ட செய்தியோடு மணியடிக்கிறதா என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே கிடந்தது.

குழந்தைவேல் சாலையை அறிந்தவன். சாலை தரும் களைப்பின் ஒவ்வொரு வகையையும் அறிந்தவன். இவற்றில் ஒன்றைக்கூட அவன் இதற்குமுன் சந்தித்ததில்லை. ஏற்கெனவே நிரம்பி வழிந்த வீட்டுக்குத்தான், தன் பங்குக்கு அவன் நாள்தோறும் மூட்டை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான்.

கால்கள் மடங்கின. லோகு ஓடி வந்து தாங்கி, மரத்தடிப் பாயில் கிடத்தினான். தொலைபேசி காதருகில் கிடந்தது. அதில் ஒரு திருகு டக்கென்று மூடும் ஒலி கேட்டது. சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

“அட, பாலெல்லாம் போச்சு… அய்யா, ஒண்ணுமில்லீங்க, வந்துட்டேன்.” பிறகு குரல் நெருங்கியது. “ஏனுங்க? இருக்கறீங்களா? என்னமோ மாதிரி இருக்குதுங்க. உடம்பு பஞ்சாட்டம் இருக்குது. என்ன பண்ணுனீங்க?”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் உறக்கம் அவனை மூடியது.

விழித்தபோது வெயில் மரத்தின் மறுபக்கத்தில் இருந்தது. அது மறுநாள் வெயில் என்பதை லோகுதான் சொன்னான். அவன் தன் வண்டியையும் எடுக்காமல், குழந்தைவேலின் முட்டைக்குக் குளிரூட்டியை ஓட்டிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

“உங்களை நெழலுக்குத் தகுந்தாப்ல இழுத்து இழுத்துப் போட்டனுங்ணா. கொஞ்சமாச்சும் அசங்கோணுமே. ஆனா கை மட்டும் சும்மா இருக்கல.”

“கை என்ன பண்ணுச்சு?”

“பிழிஞ்சுக்கிட்டே இருந்துச்சுங்க. துணி பிழியறாப்ல.” லோகு கையை முறுக்கிக் காட்டினான். “ஒரு தடவை எந்திரிச்சு உக்காந்து, ‘தண்ணி வந்துருச்சா’ன்னு கேட்டுப்போட்டு மறுபடியும் படுத்துக்கிட்டீங்க.”

குழந்தைவேல் தன் கைகளைப் பார்த்தான். உறக்கத்தில் ஒரு பகுதிதான் கரைந்திருந்தது. மீதி இன்னும் எலும்பில் இருந்தது. எழுந்து சென்று முகம் கழுவிவிட்டு, வீட்டுக்கு அழைத்தான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“லோகு தம்பி எல்லாம் சொல்லுச்சுங்க,” என்றாள் சிந்தாமணி. “எதுக்குங்க அத்தனையும் எடுத்துக்கிட்டீங்க?”

“எவ்வளவு இருக்குதுன்னு எனக்கென்ன தெரியும்? நீ சொல்லவே இல்லியே.”

“சொல்றாப்ல என்னங்க அதுல.”

சமையலறையில் குழாய் சொட்டுவது கேட்டது.

“ராத்திரி தூக்கமே வரலீங்க,” என்றாள் பிறகு. குரலில் கூச்சமும் வியப்பும் கலந்திருந்தன. “வேலையும் முடிஞ்சு போச்சு. என்ன பண்றதுன்னு தெரியல. மாடிப்படில போயி சும்மா உக்காந்துக்கிட்டேன். ரோட்டுல எத்தனை லாரிங்க போவுது. இத்தனை வருசம் இந்த வீட்டுல இருக்கறேன், உக்காந்து பாத்ததே இல்லீங்க.”

“குளுரா இருந்திருக்குமே. துண்டாச்சும் போத்திக்கிட்டயா?”

“உங்க சட்டையைப் போட்டுக்கிட்டேன்.”

“மிச்சத்தை நான் தூங்கிப்போட்டு வர்றேன். இனிமே அனுப்ப மாட்டேன்.”

“அப்பறம் இந்த லோடு குடுப்பாங்களா?”

“மெதுவா போற லோடு குடுப்பாங்க. லோகு வாழலியா?”

“லோகுக்குக் குடும்பமா குட்டியா,” என்றாள். அப்போதுதான் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் ஓசை கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அவனால் கணிக்க முடியவில்லை.

அவள் வைத்த சிறிது நேரத்தில் கட்டுப்பாட்டு அறை அழைத்தது.

“குழந்தைவேல், உங்கள் வண்டி நேற்றுக் காலையிலிருந்து நிற்கிறது. காரணம் வேண்டும்,” என்றார் ஆக்னஸ் மேடம். பிறகு, குரலைச் சற்றுத் தாழ்த்தி, அலுவல் நடையைக் கைவிட்டுப் பேசினார். “உங்க பட்டையில பதிவான அளவைப் பார்த்தேன். நீங்க அனுப்பினதைவிடப் பல மடங்கு திரும்பி வந்திருக்கு. அனுப்பாதது எப்படித் திரும்பி வரும்? கருவி பழுதுன்னு சொல்லிடுங்க, நான் அப்படியே முடிச்சிடறேன். உங்க தகுதிக்கு ஒரு குறையும் வராது.”

நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஒரு சொல் போதும். போபாலுக்குப் போகும் முட்டையும், அதற்கு அடுத்த சரக்கும், அதற்கு அடுத்ததும் அவனுடையதாகவே இருக்கும்.

“கருவி சரியாத்தான் இருக்குதுங்க மேடம்.”

“அப்ப அந்த அளவு?”

“அது எங்க வீட்டுக்காரியோடதுங்க. அவளோட சொந்தக் களைப்பு.”

“விதியில ஏற்பாளருக்குச் சொந்தமா களைப்பு கிடையாதே. அவங்க பணியில இல்லாதவங்க. அதனாலதான் ஏற்பாளர்.”

“நீங்க தெனமும் கேப்பீங்களே, அந்தக் கேள்வியை ஒருக்கா கேளுங்க மேடம்.”

“எந்தக் கேள்வி?”

“உங்களுக்கே தெரியுமுங்க.”

பழைய இஸ்திரிக் குரல் திரும்ப வந்தது. “ஏற்பாளர் ஏதேனும் பணியில் இருக்கிறாரா?”

“இருக்கறாங்க.”

“குழந்தைவேல், யோசிச்சுச் சொல்லுங்க. இதை நான் பதிஞ்சா ஏற்பாளர் பட்டியல்ல இருந்து அவங்க பேர் நீங்கிடும். இனி நீங்க யாருக்கும் அனுப்ப முடியாது. திரும்ப மாத்த எனக்கு அதிகாரம் இல்லை.”

“யோசிச்சுட்டனுங்க. காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் வேலையிலதான் இருக்கறாங்க. படுத்த பின்னாலயும் இருக்கறாங்க. எழுதிக்குங்க.”

விசைப்பலகையின் ஒலி கேட்கவில்லை. மின்விசிறி ஒன்று சுற்றும் ஓசைதான் வந்துகொண்டிருந்தது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று குழந்தைவேல் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். அறுந்திருக்கவில்லை.

“மேடம்?”

“இருக்கேன். இந்த விதியை ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் நீட்டிட்டாங்க, தெரியுமில்ல? எங்களுக்கும் வந்துடுச்சு. இங்க ஷிப்டு மாத்தி ஷிப்டு போடறாங்க. பட்டை இருக்கறதால யாரும் மறுக்கறதில்லை.”

“நீங்களும் கட்டியிருக்கறீங்களா?”

“கட்டியிருக்கேன்.” அவர் மூச்சை இழுத்து விட்டது கேட்டது. “எங்கம்மா வாடிப்பட்டியில தனியா இருக்காங்க. ரெண்டு ஆடு வச்சிருக்காங்க. போன் பண்ணும்போதெல்லாம், ‘எனக்கென்னடி, சும்மாதான இருக்கேன், அனுப்பு’ம்பாங்க. போன வாரம் குளியலறையில வழுக்கிட்டேன்னாங்க. வயசாச்சுல்ல, அதான்னு நினைச்சேன்.”

அவருக்கு எதுவும் சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்று குழந்தைவேலுக்குப் பட்டது. லோகு தூரத்தில் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தான். தன் சொந்த உப்பு டப்பாவைத் திறந்து, ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டான்.

“குழந்தைவேல்.”

“சொல்லுங்க மேடம்.”

“அந்தச் சிவப்புப் பொத்தான்… அழுத்துறதுக்கு முன்னால ஏதாவது செய்யணுமா? நாங்க சொல்லத்தான் செய்வோம். ஒருத்தரும் அழுத்திப் பார்த்ததில்லை.”

அவன் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். அங்கே சிந்தாமணியின் வலி இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை அவ்வளவு சீக்கிரம் தூங்கித் தீர்த்துவிட அவனுக்கு மனமில்லை.

“ஒண்ணும் வேண்டாமுங்க,” என்றான். “படுத்துக்கிட்டு அழுத்துங்க.”